பாதியில் நின்ற ரீசெட்: மஞ்சக்குப்பம் பத்திர எழுத்தர் அலுவலக லேப்டாப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில், பத்திரப் பதிவை நம்பி நடக்கும் ஒரு எழுத்தர் அலுவலகம். ஒரே அறைதான். உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் அறுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் பல வருடமாக டைப் செய்யும் ஒரு பெண்மணி இருக்கிறார். மாலையில் வந்து ஆன்லைன் வேலைகளைப் பார்ப்பவர் எழுத்தரின் அக்கா மகன். மூவருக்கும் சேர்த்து ஒரு லேப்டாப், ஒரு லேசர் பிரிண்டர். கிரயம், தான செட்டில்மெண்ட், விடுதலை, அடமானம், பவர், உயில் என அங்கே எழுதுகிற எல்லாமே அந்த ஒரு லேப்டாப்பில்தான். பதிவுத்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும் டோக்கன் எடுப்பதும் அதிலேயே.

லேப்டாப் 2019ல் வாங்கியது. இன்டெல் 8வது தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வகை. அந்த விலைக்கு அப்போது கடைகளில் கிடைத்த வழக்கமான மெஷின்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். "ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் அடிச்சுக் கொடுங்க" என்று வரும் லேப்டாப்கள் ஏராளம். அவற்றில் இதை முழுசாக எழுதி வைக்கக் காரணம், ஃபார்மட் அடித்திருந்தால் லேப்டாப் நன்றாகவே ஓடியிருக்கும். போனது என்ன என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிய வந்திருக்கும். உரியவர்களின் அனுமதியோடு, அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வேகம் குறைந்த விதம்

வேகம் ஒரே நாளில் குறையவில்லை. காலையில் ஆன் செய்துவிட்டு அறையைப் பெருக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றி முடித்தால் திரை வரும் என்ற நிலை இரண்டு வருடமாகவே இருந்திருக்கிறது. வைரஸ் என்று நினைத்து ஒரு ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறார்கள். அது சரிப்படாமல் முதலாவதை எடுக்காமலேயே இன்னொன்றையும் போட்டிருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு கிளீனர் மென்பொருளும் உள்ளே இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கும் என்று மருமகன் சொன்னார்.

இதுவரைக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. 4 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். சுழலும் டிஸ்க்கில் இந்தப் போக்குவரத்து மிக மெதுவாக நடக்கும். இரண்டு ஆன்டிவைரஸும் சேர்ந்து ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு முறை தோண்டினால் 100 சதவீதம் ஆகத்தான் செய்யும்.

ஆனால் டைப் செய்யும் அம்மா சொன்ன ஒரு விஷயம் வேறு மாதிரி இருந்தது. "எல்லாம் ஸ்லோ இல்ல சார். சில ஃபைல் டக்குனு திறக்கும். சில ஃபைலைத் தொட்டா மொத்தமா உறைஞ்சு போயிடும், அப்புறம் தானா சரியாயிடும்." ரேம் பற்றாக்குறை என்றால் மந்தம் எல்லா வேலையிலும் பரவலாகத் தெரியும். குறிப்பிட்ட ஃபைலில் மட்டும் உறைந்து மீள்வது, டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அடையாளம். எல்லோரையும் விட அதிக நேரம் அந்த லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அவரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரீசெட் முயற்சி

மார்கழியில் பத்திரப் பதிவு குறைவு. தை பிறந்தால் முகூர்த்த நாட்களில் கூட்டம் அலைமோதும். பதிவுத்துறையே அந்த நாட்களுக்குக் கூடுதல் டோக்கன் தரும். அதனால் மார்கழி முடிவதற்குள் லேப்டாப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்று மருமகன் நினைத்தது நியாயமானதே. விண்டோஸ் தன்னைத்தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும் ரீசெட் வசதியை செட்டிங்ஸில் எடுத்து, என் ஃபைல்களை வைத்துக்கொள் என்ற தேர்வைக் கொடுத்து, ஒரு மாலையில் ஓட விட்டிருக்கிறார். சதவீதம் பாதியில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. கரண்ட் போனதும் லேப்டாப்பும் அணைந்துவிட்டது. மாலையில் ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. ரீசெட் செய்வதில் சிக்கல் என்று ஒரு செய்தி, பிறகு ரீஸ்டார்ட், மறுபடி அதே செய்தி.

அலுவலகத்தில் எல்லோரும் கரண்ட்டைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு என்பது பின்னால் தெரிந்தது.

கடைக்கு வந்தபோது பார்த்தவை

எழுத்தர் வந்து சொன்னது இதுதான்: "ஃபார்மட் பண்ணிடுங்க தம்பி. டாக்குமெண்ட் மட்டும் போகக்கூடாது." பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் கடைசியாகக் காப்பி செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விண்டோஸை மறுபடி ஆன் செய்து பார்க்கவில்லை. பழுதான டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு முறை விண்டோஸ் எழ முயலும்போதும் அதில் எதையாவது எழுதும், பழுதான இடத்தையே திரும்பத் திரும்ப முட்டும். அதற்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்ட பூட்டபிள் பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தி, பூட் மெனுவில் அந்த பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். இந்த விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். உபுண்டுவை இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். நாமாக எதையும் எழுதாதவரை உள்ளே இருக்கும் டிஸ்க்கில் எதுவும் மாறாது.

உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற கருவி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலைப் பார்த்தேன். மேலே முதல் வரியில் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று போட்டு, பக்கத்திலேயே பழுதான செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) எண்ணிக்கையையும் போட்டிருந்தது. முதல் பாதியை மட்டும் படித்து நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. கீழே பட்டியலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பழுதாகி மாற்று இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பெண்டிங் செக்டர்கள். இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். இங்கே பல நூறு இருந்தது. காதை வைத்துக் கேட்டால் இடையிடையே மெல்லிய டிக் சத்தமும் வந்தது.

ஃபைல்களைத் திறந்து பார்த்தபோது முதலில் அதிர்ச்சிதான். வழக்கமான யூசர்ஸ் ஃபோல்டரில் எழுத்தரின் பெயரே இல்லை. ரீசெட் பாதி வழியில் நின்றதால் பழைய ஃபோல்டர்கள் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டருக்குள் நகர்ந்திருந்தன. உள்ளே போனால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அப்படியே இருந்தன. பாதியில் நின்ற ரீசெட்டுக்குப் பிறகு ஃபைலைக் காணோம் என்றால் அங்கே தேடாமல் முடிவுக்கு வரக்கூடாது.

டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இல்லை. இருந்திருந்தால் 48 இலக்க ரிகவரி கீ இல்லாமல் ஒன்றும் படித்திருக்க முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அந்த டிஸ்க்கில் ரீசெட்டும் கிடையாது, ஃபார்மட்டும் கிடையாது. இதற்கு எதிர்ப்பு வந்தது. விண்டோஸ் பென் டிரைவைச் செருகி நேராக இன்ஸ்டால் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியாதா என்று மருமகன் கேட்டார். முடிந்திருக்கும், அதுதான் ஆபத்து. பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கில் எழுதும் வேலைதான் அதிகம். பழுதான இடத்தில் எழுதப் போகும்போது டிஸ்க் சத்தமில்லாமல் மாற்று இடத்தை எடுத்துக்கொள்ளும். புது விண்டோஸ் என்பதால் கொஞ்ச நாள் வேகமாகவும் தெரியும். பழைய பத்திரங்கள் இருந்த இடத்தின் மேல் புது விண்டோஸ் ஏறியிருக்கும். சில வாரம் கழித்து, தை முகூர்த்தத்தின் நடுவே, டிஸ்க் மொத்தமாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, எதை முதலில் எடுப்பது. பழுதான டிஸ்க்கை முழுதாக இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்த இமேஜிலிருந்து ஃபைலைத் தேடுவதே முறை என்று சொல்வார்கள். பொதுவாக நானும் அப்படித்தான் செய்வேன். இங்கே பத்திரங்கள் எல்லாம் வேர்டு ஃபைல்கள், மொத்தமே சில ஜிபிதான். 1 டிபி இமேஜ் முடிய ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும், அதற்குள் டிஸ்க் போய்விட்டால் எதுவுமே கையில் இருக்காது. அதனால் பத்திர ஃபோல்டரை மட்டும் முதலில் காப்பி செய்து, பிறகு முழு இமேஜ் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது, சுழலும் பாகம் இல்லாத புது எஸ்எஸ்டி, கூடவே 4 ஜிபி ரேம். மெயின்போர்டில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருந்தது. புது லேப்டாப் வாங்கிவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். வேர்டும் பிரவுசரும் மட்டுமே ஓடும் அலுவலகத்துக்கு 8வது தலைமுறை ஐ3 இன்னும் சில வருடம் தாங்கும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் படித்தால் சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி அளவில் படிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. பாகங்கள் பாண்டியிலிருந்து மறுநாளே வந்தன.

நான்காவது, விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. ஊரார் ஆதார், பான், பட்டா நகல்கள் இருக்கும் லேப்டாப்பை அப்டேட் இல்லாத விண்டோஸில் ஓட்டுவது சரியில்லை. 8வது தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 இதை ஏற்கும். 7வது தலைமுறையாக இருந்திருந்தால் வேறு பேச்சு.

டேட்டாவை எடுத்தது

டிஸ்க்கைக் கழற்றி, யூபிஎஸ்ஸில் ஓடும் என் கடை டெஸ்க்டாப்பில் இணைத்தேன். செத்த பேட்டரியை நம்பி ராத்திரி வேலையை லேப்டாப்பிலேயே விடுவதற்கில்லை. பத்திர ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதியோடு திறந்து காப்பி செய்ததில் பெரும்பாலானவை உடனே வந்தன. சில ஃபைல்களில் நின்றது. அவற்றை வற்புறுத்தாமல் விட்டேன்.

அப்புறம் டிடிரெஸ்க்யூ. இந்தக் கருவி முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று தனியாக ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். பிறகு விட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் முதலிலிருந்து தொடங்காது. சாதாரண காப்பி செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். முதல் சுற்றில் ஒரு வேர்டு ஃபைலில் நின்ற காப்பி, இதில் மூன்றாவது சுற்றில் முழுதாக வந்தது.

கடைசிவரை படிக்க முடியாத இடங்களில், இமேஜில் ஒரு அடையாள வார்த்தையை நிரப்பி, அந்த வார்த்தை எந்தெந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று தேடினேன். எது கெட்டது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள நல்ல வழி இது. பெரும்பகுதி விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே, விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைக்கும் ஃபோல்டரில் இருந்தது. ரீசெட் புது விண்டோஸைக் கட்டுவதற்கு எடுப்பது அந்த பாகங்களைத்தான். அவற்றையே படிக்க முடியாததால் ராத்திரியே ரீசெட் நின்றிருக்கிறது. மின்தடை வந்தது மறுநாள்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ்

விண்டோஸ் 11 பென் டிரைவை மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் வைத்து வேறொரு லேப்டாப்பில் தயார் செய்தேன். 8 ஜிபியாவது வேண்டும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். டைப் செய்யும் அம்மா தன் பென் டிரைவைக் கொடுத்தனுப்பியிருந்தார், அதில் பிள்ளைகளின் போட்டோக்கள் இருந்ததால் அதைத் தொடவில்லை.

இன்ஸ்டால் செய்யும்போது லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி மட்டுமே இருந்தது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரையில் இரண்டு டிஸ்க் தெரிந்தால் தவறானதை அழிக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஒன்றுதான் தெரிகிறது என்றால் அந்த பயமே இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயோஸ் செட்டிங்ஸில் அணைந்து கிடந்தது, ஆன் செய்தேன். 11வது தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் இந்தத் திரையில் டிஸ்க்கே தெரியாது, ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. லைசென்ஸ் கீ மெயின்போர்டிலேயே பதிந்திருப்பதால் டிஸ்க் மாறினாலும் ஆக்டிவேஷன் தானாக நடந்தது.

ஹோம் பதிப்பு இன்ஸ்டால் ஆகும்போது இன்டர்நெட் கேட்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டும் கேட்கும். வைஃபை டிரைவர் இன்னும் வராததால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தேன். அக்கவுண்ட் விஷயத்தில் கொஞ்சம் நிதானித்தோம். மருமகன் தன் அக்கவுண்ட்டைப் போட்டுவிடலாம் என்றார். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, அதாவது மறையாக்கிப் பூட்டப்பட்டுவிடும். ரிகவரி கீ யாருடைய அக்கவுண்ட்டில் நுழைந்தோமோ அங்கே போய் உட்காரும். நாளைக்கு மருமகன் வெளியூர் போய்விட்டால் எழுத்தரின் பத்திரங்களுக்குச் சாவி எழுத்தரிடமே இருக்காது. அதனால் எழுத்தரின் பெயரில், அவர் கையில் இருக்கும் போன் நம்பரில் அக்கவுண்ட் தொடங்கினோம். 48 இலக்கக் கீயை அச்செடுத்துக் கொடுத்தேன். முத்திரைத்தாள் வைக்கும் பீரோவில் வைத்துக்கொண்டார்.

தமிழ் எழுத்துரு

வேலையில் அதிக கவனம் கேட்ட இடம் இதுதான். "டாக்குமெண்ட் மட்டும் போகக்கூடாது" என்று எழுத்தர் சொன்னபோது அதற்குள் எத்தனை அடக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

பழைய பத்திரங்கள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து எண் முறை) அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை. இவற்றில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள்தான். எழுத்துரு அந்த எண்களுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் அதே பத்திரம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் திறக்கும். புது விண்டோஸில் முதல் பத்திரத்தைத் திறந்தபோது அப்படித்தான் திறந்தது. எழுத்தர் முகம் வெளுத்துவிட்டது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து இந்தக் கட்டத்தில் அழித்துவிடுகிறவர்களும் உண்டு.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை இமேஜிலிருந்து எடுத்துப் போட்டதும் முக்கால்வாசிப் பத்திரங்கள் சரியாகின. மிச்சம் சரியாகவில்லை. விண்டோஸ் 10ன் 1809 பதிப்பிலிருந்து, எல்லோருக்கும் பொதுவாக என்று குறிப்பிடாமல் இன்ஸ்டால் செய்யும் எழுத்துரு பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகாது. அந்தப் பயனரின் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போய்விடும். அங்கே இன்னும் சில எழுத்துருக்கள் இருந்தன. அவற்றையும் போட்டதும் எல்லாம் தமிழாகிவிட்டது.

அதோடு முடியவில்லை. டைப் செய்யும் அம்மா உட்கார்ந்து இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினார். அவர் பழகியது பழைய டைப்ரைட்டர் விசை அமைப்பு. புது விண்டோஸில் இருந்த விசை அமைப்பு வேறு. சரி, அதை மாற்றினோம். அப்புறம் இன்னொன்று சொன்னார்: அவர் சில எழுத்துகளை மட்டும் அடித்தால் "இதனடியிற்கண்ட சொத்தை" என்று தொடங்கும் முழு வாசகமும் வந்துவிடும், இப்போது வரவில்லை. நான்கெல்லைக்கு ஒன்று, வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழிக்கு ஒன்று, சாட்சிகள் பகுதிக்கு ஒன்று என்று பல வருடமாக அவர் சேர்த்து வைத்த சுருக்கங்கள் அவை. வேர்டு இவற்றை டாக்குமெண்டுகளோடு வைப்பதில்லை. ஒரு பகுதி வேர்டின் அடிப்படை மாதிரி ஃபைலான நார்மல் டெம்ப்ளேட்டில் இருக்கும், இன்னொரு பகுதி ஆட்டோகரெக்ட் பட்டியலாக ஆப்டேட்டாவில் ஒரு தனி ஃபைலில் இருக்கும். முழு இமேஜ் கையில் இருந்ததால் இரண்டையும் எடுத்து அதே இடங்களில் வைத்தோம். அவர் ஒரு கிரயப் பத்திரத்தின் தொடக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு சார்" என்றார். அவருடைய வேகம் முழுக்க அந்தச் சுருக்கங்களில்தான் இருந்தது. லேப்டாப்பை எவ்வளவு வேகமாக்கிக் கொடுத்தாலும் அவை போயிருந்தால் அலுவலகம் மெதுவாகியிருக்கும்.

பிரிண்டருக்கும் சிறிது நேரம் செலவிட்டோம். முத்திரைத்தாளில் மேல் பாதி அச்சாகியே வரும், எழுத்து கீழ்ப்பாதியில் தொடங்க வேண்டும். டிரைவர் புதிது என்றால் ஓரங்கள் சற்று நகரும். வெள்ளைத்தாளில் அடித்து, பழைய முத்திரைத்தாள் ஒன்றின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துச் சரிசெய்த பிறகே உண்மையான தாளைப் போட விட்டேன்.

அதன் பிறகு

தை பிறப்பதற்கு முன்பே லேப்டாப் அலுவலகத்துக்குத் திரும்பியது. ஆன் செய்தால் அரை நிமிடத்துக்குள் தயார். ஒரே ஆன்டிவைரஸ், விண்டோஸோடு வருவது மட்டும். பேட்டரியையும் மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார்கள்.

சில ஃபைல்கள் திரும்பவில்லை. பதிவாகி முடிந்த பத்திரங்களைப் பொறுத்தவரை பெரிய நஷ்டம் இல்லை, பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். வருத்தம் தந்தது ஒரு பாகப்பிரிவினை வரைவு. அண்ணன் தம்பிகள் பல முறை வந்து உட்கார்ந்து பேசித் திருத்தியது, இன்னும் பதிவாகாதது. நல்லவேளையாகப் பென்சில் திருத்தங்களோடு ஒரு அச்சுப் பிரதி அலுவலகக் கோப்பில் இருந்தது. அதைப் பார்த்து முழுதாக மறுபடி டைப் செய்தார்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று எழுத்தர் கேட்டார். பழுதான டிஸ்க் என்றாலும் பெரும்பகுதி இன்னும் படிக்கக்கூடியது. உள்ளே ஊரார் அடையாள அட்டைகள், சொத்து விவரங்கள், கையெழுத்துகள். பழைய இரும்புக் கடைக்கோ எக்ஸ்சேஞ்ச்சுக்கோ போகக்கூடாது என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் வந்துவிட்டதாக அவர்கள் உறுதி செய்த பிறகு என்னிடம் இருந்த இமேஜை அவர் முன்னிலையிலேயே அழித்தேன்.

இனி மாற்றிச் செய்வது

லேப்டாப் ஸ்லோ என்று வந்தால் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்த பிறகே ரீசெட் பற்றிப் பேச்சு. உபுண்டு பென் டிரைவில் இதற்குச் சில நிமிடம் போதும், கட்டணமும் வாங்குவதில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொள்ளும் சீட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்: இதில் தினமும் டைப் செய்பவர் யார், அவர் எந்தத் தமிழ் எழுத்துரு, எந்த விசை அமைப்பு பயன்படுத்துகிறார். கொண்டுவருபவர் பெரும்பாலும் டைப் செய்பவராக இருப்பதில்லை. அதனால் அவருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் இப்போது ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் இருக்கிறது. சனிக்கிழமை மாலை பத்திர ஃபோல்டரும் எழுத்துருக்களும் சுருக்கங்களின் ஃபைலும் அதில் காப்பியாகும். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி எழுத்தர் வீட்டுக்கு எடுத்துப்போவார். செருகியபடியே விட்டால் லேப்டாப்புக்கு வரும் கேடு அதற்கும் வரும்.

புதிய பத்திரங்களை யூனிகோடில் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010ல். இந்த அலுவலகம் பழைய எழுத்துருவிலேயே இருந்ததற்குக் காரணம் பழைய மாதிரிகளும் அந்தச் சுருக்கங்களும்தான். டைப்ரைட்டர் விசை அமைப்பிலேயே யூனிகோடும் அடிக்க முடியும் என்று காட்டிய பிறகு அந்த அம்மா ஒத்துக்கொண்டார். சுருக்கங்களை ஒவ்வொன்றாக யூனிகோடில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய பத்திரங்களை மொத்தமாக மாற்றவில்லை, யாராவது கேட்டு வரும்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். மாற்றித் தரும் கருவிகள் நடுவில் வரும் ஆங்கில எழுத்தையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். சர்வே எண்ணின் உட்பிரிவில் வரும் ஒற்றை ஆங்கில எழுத்து அப்படி மாறினால் சொத்தே மாறிவிடும். அதனால் மாற்றிய ஒவ்வொரு பத்திரத்தின் சொத்து விவரத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பழைய அச்சுப் பிரதியில் விரல் வைத்துச் சரிபார்க்கிறார்.